கயிற்றைக் கழற்றிய பிறகு நான் யார்?

கேள்வி: மேடம், எனக்கு 21 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி டிகிரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து கையில் எங்கள் சமுதாயத்துக் கலர் கயிறு கட்டியிருந்தேன். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் வேறு சமுதாயம். நல்ல சேக்காளி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது என் கை எனக்கே உறுத்தியது. ஒருநாள் கழற்றிவிட்டேன். எங்கள் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் மற்ற சமுதாயத்தாரைத் திட்டி வீடியோ போடுவார்கள். அதிலிருந்தும் வெளியேறினேன். போன கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது “கயிறு எங்கல?” என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். அதிலிருந்து கபடிக்குக் கூப்பிடுவதில்லை. “இவன் அவனுவ ஆளு” என்கிறார்கள். அப்பா, “ஊரோட ஒத்துப் போலே, நாளைக்கு ஒண்ணுன்னா ஊருதான் வரும்” என்கிறார். கல்லூரி நண்பர்களோ “இப்பதான் நீ மனுசன்” என்று பாராட்டுகிறார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டினால் பொய்யாக இருக்கிறது. கட்டாவிட்டால் யாருமில்லாதவன் மாதிரி இருக்கிறது. இந்தக் கூட்டம் எதுவும் இல்லாத நான் யார் என்று யோசித்தால் ஒன்றுமே தோன்றவில்லை. சரியான தூக்கம் இல்லை. எனக்கு என்ன கோளாறு? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: தம்பி, உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. தூக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடைசியாகக் கேட்டீர்களே, கூட்டம் எதுவும் இல்லாத நான் யார் என்று, அதிலிருந்து தொடங்குகிறேன். உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் பதில் கிடைக்காது. நீங்கள் யோசிக்கிற மொழியே உங்கள் வீட்டிலும் தெருவிலும் கிடைத்தது. எதைச் செய்தால் வெட்கம், எதைச் செய்தால் கௌரவம் என்பதையும் அங்கேதான் படித்தீர்கள். விடுதிச் சேக்காளி அருகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கை உறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவன் சோறு தின்னும்போது அவன் மனம் நோகக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அநேகமாக உங்கள் ஆச்சியோ அம்மாவோதான். அவர்களும் அதே ஊர்க்காரர்கள், அதே சமுதாயத்தார். ஆகவே சமுதாயம், ஊர், குடும்பம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு உள்ளே ‘உண்மையான நான்’ இருக்கிறானா என்று தேடாதீர்கள். எந்தெந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் எதற்குச் சரி என்கிறீர்கள், எதற்கு முடியாது என்கிறீர்கள், இதெல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் தனித்தன்மை. கயிற்றைக் கழற்றிய அன்று நீங்கள் கூட்டத்தைவிட்டு வெளியே போகவில்லை. கூட்டத்துக்குள் இருந்துகொண்டே ஒரு விஷயத்துக்கு முடியாது என்றீர்கள். இது சின்ன வித்தியாசம் இல்லை. நான் இனிச் சொல்லப்போவது எல்லாம் இதை வைத்துத்தான்.

அப்புறம் ஏன் இவ்வளவு வலிக்கிறது? வீடியோக்கள் பிடிக்காமல் நீங்களாகத்தான் குழுவைவிட்டு வந்தீர்கள். அவர்கள் ஒதுக்கினால் எனக்கென்ன என்று இருக்க முடியவில்லையே என்று உங்கள்மீதே உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒதுக்கப்படுவதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவருடைய சோதனை மிக எளிமையானது. கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாட வேண்டும். இரண்டு மூன்று முறை பந்து உங்களிடம் வரும், அதற்குப் பிறகு மற்ற இருவரும் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்வார்கள். அவ்வளவுதான். முகம் தெரியாத இரண்டு பேர் சில நிமிடம் இப்படிச் செய்தாலே ஆட்கள் வாடிப்போகிறார்கள், தன்மதிப்பு இறங்குகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மற்ற இருவரும் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி விளையாட வைத்தார்கள். தாங்கள் வெறுக்கிற கூட்டம் ஒதுக்கியபோதும் வலி குறையவில்லை. நீங்களோ கூடவே வளர்ந்த பையன்களிடமிருந்து ஒதுக்கப்பட்டிருக்கிறீர்கள். வலிப்பதால் நீங்கள் கயிற்றைக் கழற்றியது தவறு என்று ஆகாது. அவர்கள் சொல்வது சரி என்றும் ஆகாது. மனித மனம் அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவே.

“அவனுவ ஆளு” என்று ஏசுவதற்கும் ஆராய்ச்சியில் விளக்கம் உண்டு. 1988இல் ஜோசே மார்க்கெஸ் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டியது இது: ஒரே தப்பை வெளியாள் செய்தாலும் தன் ஆள் செய்தாலும், கூட்டம் தன் ஆளைத்தான் கடுமையாகத் தீர்ப்பு செய்கிறது. வெளியாள் மாறுபட்டு நடந்தால் கூட்டத்துக்கு நட்டமில்லை. உள்ளே இருப்பவன் மாறினால், “நாம எல்லாரும் இப்படித்தான்” என்ற நம்பிக்கை ஆட்டம் காணும். உங்கள் வெறும் கை அந்தப் பையன்களைக் கேள்வி கேட்கிறது. அவர்களில் சிலருக்கும் கயிறு உறுத்தியிருக்கலாம். அப்படி உறுத்துகிறவன்தான் சில நேரம் எல்லோரையும்விட உரக்கப் பேசுவான்.

இப்போது கொஞ்சம் விரிவாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்றி டாஜ்ஃபெல் 1919இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்ஸுக்குப் படிக்கப் போன இடத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், ஜெர்மானியரிடம் பிடிபட்டார். தான் போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக்காரராகவே கைதிமுகாமில் இருந்ததால் உயிர் தப்பினார். போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தார் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு மனிதனை எந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பது அவன் உயிரையே தீர்மானிப்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பிறகு இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒரு கூட்டம் இன்னொன்றைத் தள்ளிவைக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று பார்க்க நினைத்தார். பழைய பகை வேண்டுமா, நிலத் தகராறு வேண்டுமா, வேறு மதம் வேண்டுமா?

ஒன்றுமே வேண்டாம் என்று தெரிந்தது. 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை எடுத்துக்கொண்டார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, உனக்கு எது பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். தன் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒரு பையனுக்கும் தெரியாது. பெயர் கிடையாது, வெறும் எண்தான். பிறகு மற்றவர்களுக்குக் கொஞ்சம் காசு பங்கிடச் சொன்னார். தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது. பையன்கள் தங்கள் கூட்டத்துக்கே அதிகம் கொடுத்தார்கள். அது போகட்டும். தங்கள் கூட்டத்துக்குக் கிடைக்கும் மொத்தக் காசு குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கூட்டத்தைவிட நாம் எவ்வளவு மேலே என்ற இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும் என்று பலர் பங்கிட்டார்கள். 1970இல் இந்த முடிவுகள் வெளியாயின.

நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பதின்மூன்று வயதுப் பையன் கலர் கயிறோடு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகத்துக்கு வரும். வெறும் ஓவியத்தை வைத்துப் பிரித்தாலே பையன்கள் இவ்வளவு செய்வார்கள் என்றால், பல தலைமுறை வரலாறும், அடியும், அச்சமும், பெருமையும் ஏறிய ஒரு கயிறு என்ன செய்யாது? 2019இலேயே பள்ளிக் கல்வித்துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று சொன்னது. உங்கள் மாதிரிப் பையன்கள் சட்டம் வருவதற்குக் காத்திராமல் தாங்களாகவே கழற்றுவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் அதை உங்கள் கையில் கட்டியது யார்? நீங்களே யோசித்துக் கட்டிக்கொள்ளும் வயது அது இல்லை. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இளம் வயதினர் தங்களுக்கான அடையாளத்தை அடையும் நிலைகளை விவரித்தார். பெரியவர்கள் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் அப்படியே போட்டுக்கொண்டு, நான் இவன்தான் என்று இருந்துவிடுவது ஒரு நிலை. அதில் நிம்மதி இருக்கும், குழப்பம் இருக்காது. இன்னொரு நிலை, எதையும் இன்னும் முடிவு செய்யாமல் தேடிக்கொண்டிருப்பது. அதில் தவிப்பு அதிகம். நீங்கள் முதல் நிலையிலிருந்து கிளம்பி இப்போது தேடலில் நிற்கிறீர்கள். 21 வயதில் இது நோய் இல்லை. பலர் இந்த இடத்துக்கு வராமலேயே வாழ்ந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எந்தச் சமுதாயம் என்று எழுதவில்லை, நானும் கேட்க மாட்டேன். ஆனால் எல்லாக் கயிறும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். மிதிபட்டவர்கள் தலைநிமிர ஒன்று சேர்வதும், மற்றவர்களைக் கீழே வைத்திருக்க ஒன்று சேர்வதும் வேறு வேறு. முன்னதில் கூட்டம் என்பது ஒருவனுடைய சுயமரியாதைக்குத் தாங்கலாக இருக்கிறது, அதை விடு என்று வெளியிலிருந்து உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் கயிறு இந்த இரண்டில் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் வீடியோக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்து எனக்கும் ஓரளவு தெரிகிறது.

சரி, கயிறு போனால் ஊரும் போய்விடுமா? அப்பா பயப்படுவது அதைத்தான். டாஜ்ஃபெலுடன் வேலை செய்த ஜான் டர்னர் சொன்னது இங்கே உதவும்: மனிதன் தன்னை எப்போதும் ஒரே பெயரால் நினைப்பதில்லை, எதிரே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ‘நாங்கள்’ சுருங்கும், விரியும். நமக்கு இது புதிதே இல்லை. சென்னையில் யாராவது எந்த ஊர் என்றால் திருநெல்வேலி என்போம். தென்காசி 2019இல் தனி மாவட்டமான பிறகும் அங்குள்ள பலர் வெளியூரில் திருநெல்வேலி என்றுதான் சொல்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் கேட்டால் அம்பை, அதாவது அம்பாசமுத்திரம். அம்பையில் கேட்டால் கிராமத்தின் பெயர். கிராமத்துக்குள் போனால் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி. உங்கள் ஊர்ப் பையன்கள் உங்களை அந்தக் கடைசிப் பதிலிலேயே எப்போதும் நிற்கச் சொல்கிறார்கள். நீங்கள் அந்தத் தெருக்காரர் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும்தான் நீங்கள் என்பது பொய்.

பங்குனி உத்திரத்துக்கு உங்கள் வீட்டில் சாஸ்தா கோவிலுக்குப் போவீர்கள்தானே? அங்கே வருகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பல சாஸ்தா கோவில்களுக்கு வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் உரிமையோடு வருகின்றன. தெருவில் வேறு ஆளாக இருப்பவர் அன்றைக்கு ஒரே சாஸ்தாவைக் கும்பிடும் உங்கள் ஆள். அதே நீங்கள் விடுதியில் வேறொரு கூட்டம், வகுப்பில் வேறொன்று. சோனியா ரோக்காஸும் மரிலின் புரூவரும் 2002இல் எழுதியது இதைப் பற்றித்தான். தான் சேர்ந்திருக்கும் கூட்டங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திவிடுவதில்லை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று உணர்ந்திருப்பவர்கள், வெளியாட்களிடம் அதிகச் சகிப்போடு இருக்கிறார்கள். எல்லாம் ஒரே கூட்டம் என்று நினைப்பவர்களிடம் அது குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. பக்கவாதம் வந்து மீண்டவர்களைப் பற்றி 2008இல் வந்த ஓர் ஆய்வில், நோய்க்கு முன்பே பல கூட்டங்களில் இருந்து, அவற்றை விடாமல் வைத்திருந்தவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருந்தார்கள். உங்களுக்கு இதுவரை இருந்ததோ ஒரே ஒரு கெட்டியான கூட்டம். அது ஆடியதும் எல்லாமே ஆடிவிட்டது.

ஆகவே நான் சொல்வது இது. ஊரை விடாதீர்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் பிரிக்கும் தலைக்கட்டு வரிக்கு அப்பா காசு கொடுக்கும்போது உங்கள் பங்காகவும் கொஞ்சம் கொடுங்கள். துட்டி வீடு, அதாவது சாவு வீடு என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், பந்தல்காரனைக் கூப்பிடுவதிலிருந்து நாற்காலி எடுத்துப் போடுவதுவரை செய்யுங்கள். கொடையில் வில்லுப்பாட்டுக்கு உட்காருங்கள். இதெல்லாம் உங்களுடையதும்தான், கயிற்றோடு சேர்ந்து கழன்றுவிடவில்லை. ஆனால் வேறு சமுதாயத்தாரைத் திட்டும் வீடியோவைப் பகிரச் சொன்னால், ஒரு சண்டைக்கு ஆள் சேர்த்தால், அங்கே மட்டும் முடியாது என்று நில்லுங்கள். ஒரு கூட்டத்தை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: அதற்குள் இருந்துகொண்டு ஒரு விஷயத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, நாளைக்கும் அங்கே உட்கார முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் கூட்டம். கொஞ்ச நாள் கழித்தும் முடியவில்லை என்றால், போனது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்காகத் துக்கப்படலாம், தப்பில்லை.

மறுபடி “கயிறு எங்கல?” என்று கேட்டால், போன தடவை மாதிரிப் பேசாமல் நகர வேண்டாம். மௌனத்தை அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். பெரிய விளக்கமும் வேண்டாம், பத்துப் பேர் நடுவில் அது பஞ்சாயத்தாகிவிடும். “இப்ப கட்டுறதில்ல மாப்ள, சாப்பிட்டியா?” போதும். பிறகு அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிற ஒருவனைத் தனியாகப் பாருங்கள். பத்துப் பேரோடு பேசி யாரையும் மாற்ற முடியாது, ஒருவனோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேச முடியும். பக்கத்துக் கட்டில் சேக்காளியிடமும் பேசுங்கள். அவனுக்காகக் கழற்றினீர்கள், ஆனால் அந்தக் கயிற்றைப் பார்த்தபோது அவனுக்கு எப்படி இருந்தது என்று கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவன் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கல்லூரி நண்பர்களின் பாராட்டு உங்களுக்கு உறுத்துவது நியாயம்தான். “இப்பதான் மனுசன்” என்றால் அதுவரை உங்கள் வீட்டில் வளர்ந்தவன் யார்? அவர்களும் ஒரு கூட்டம், அவர்களுக்கும் ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. உங்கள் ஊரைக் கேலி செய்து அவர்களைச் சிரிக்க வைப்பதுதான் அந்தக் கட்டணம் என்றால் கொடுக்காதீர்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி போனில் பழைய குழுக்காரர்களின் ஸ்டேட்டஸ் பார்ப்பதை நிறுத்துங்கள். பார்ப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஓடவோ, விடுதிப் பையன்களோடு கபடியோ ஏதாவது உடம்புக்கு வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஏச்சு மிரட்டலாக மாறினால், தனியாகச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு அப்பாவிடமும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

அப்பாவோடு எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முதலில் பேச வேண்டியது அவரோடுதான். 90களின் நடுவில் தென்மாவட்டங்களில் மோதல்கள் நடந்தபோது அவருக்கு ஏறக்குறைய உங்கள் வயது இருந்திருக்கும். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு யார் பெயர் வைப்பது என்பதிலேயே கலவரம் வெடித்து, 1997இல் மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆனது அப்போதுதான். ராத்திரி வெளியே போன ஆள் திரும்பி வருவாரா என்று வீட்டார் விழித்திருந்த காலம் அது. “ஊருதான் வரும்” என்பது அவர் அனுபவத்தில் படித்தது, வீம்புக்குச் சொல்வதில்லை. அதனால் கயிறு சரியா தப்பா என்று அவரோடு வாதாடாதீர்கள். அன்றைக்கு நம் தெருவில் என்னப்பா நடந்தது, நீங்கள் எங்கே இருந்தீர்கள், வேறு சமுதாயத்தில் உங்களுக்குச் சேக்காளி யாராவது இருந்தாரா, அவர் இப்போது எங்கே என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, விடுதியில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவனைப் பற்றிச் சொல்லுங்கள்.